ஏரியில் இறங்காத விமானம்

பிரபு, போட்டி முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "போட்டி எப்படிப்பா நடந்துச்சு?" என்று கேட்டாய். "அமர்க்களம்" என்றேன். அதோடு விட்டேனா? ஹாலுக்கு வெளியே கூட்டம் நின்றது என்றேன், ரோட்டில் வண்டிகள் நின்றுவிட்டன என்றேன், டிவிக்காரன் வந்து என்னைப் பேட்டி எடுத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தபோது உன் அம்மா பக்கத்தில் நின்று முறைத்ததால் நிறுத்திக்கொண்டேன். போனில் நேராகக் கேட்டால் என் வாய் அப்படித்தான் ஓடும், உனக்குத் தெரியாததா? எழுத உட்கார்ந்தால் கை மெதுவாகத்தான் நகர்கிறது. மெதுவாக நகர்கிற கைக்குப் பொய் சொல்லச் சோம்பலாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். ஹைதராபாத்தில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பாடம் நடத்துகிற ஆள் நீ. உன் அப்பனுக்காகக் கொஞ்ச நேரம் ஒதுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாற்றுப் போட்டி நடத்துகிற உன்னைப் போன்ற வாத்தியார்களுக்குக் கைகொடுக்க நினைக்கிற அப்பன்மார், மாமன்மார் யார் கையிலாவது இது கிடைத்தால் அவர்களும் படிக்கட்டும்.

என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர்கள் மதிக்க மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். நியாயமாகப் பார்த்தால் பத்தாவது தேறிய கணக்குதான். கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் வரைக்கும் என் ஸ்கூல் வேன் ஹாரனைக் கேட்டு அலறியடித்துக்கொண்டு எழுந்திருக்காத பிள்ளை கிடையாது. இன்றைக்கு அமெரிக்காவில் டாக்டராகவும் இன்ஜினியராகவும் இருக்கிற நம் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் என் வேனில் வாந்தி எடுத்தவர்கள்தான். நீ ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியாராகச் சேர்ந்து இந்தப் போட்டியை ஆரம்பித்தபோது, உன்னோடு நின்றது பிரின்சிபாலும் இல்லை, மற்ற டீச்சர்களும் இல்லை, என் வேன். பிள்ளைகள் தாங்கள் குடியிருக்கிற ஊரைப் பற்றியே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களைப் போய்க் கேட்க வேண்டும். பழைய படம், பழைய பட்டா என்று தேட வேண்டும். கண்டதையெல்லாம் ஒரு போர்டில் ஒட்டி நடுவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். ஜெயித்தவர்களின் போர்டு ஒரு வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்து முன்ஹாலில் தொங்கும். "இன்னா போட்டிடா இது, ஒரு கப்பு கூட இல்லாம?" என்று நான் கேட்டேன். "போர்டு தொங்கினா போதும்பா, வர்றவங்க போறவங்க படிப்பாங்க" என்றாய். கப்பு இல்லாத போட்டியை நான் அன்றைக்கு மதிக்கவில்லை. ஆனாலும் வண்டியை எடுத்தேன்.

கைகொடுக்க நினைக்கிறவர்களே, வண்டிதான் பெரிய உதவி. மேடையும் மாலையும் யார் வேண்டுமானாலும் தருவார்கள். ஒன்பதாவது படிக்கிற பெண்பிள்ளை சனிக்கிழமை மத்தியானம் செம்பாக்கத்தில் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டும் என்றால், எந்த வீட்டில் அனுப்புவார்கள்? "வேன் அங்கிள் கூட்டினு போறாரு" என்றால் அனுப்புவார்கள். அழைத்துப் போங்கள், வாசலில் இறக்கிவிடுங்கள், வண்டியிலேயே உட்கார்ந்திருங்கள். உள்ளே மட்டும் போகாதீர்கள். நான் ஒரு தடவை போனேன். தாம்பரத்தில் தன் தெருவுக்கு முதன்முதலில் கரண்ட் வந்த கதையை ஒரு பெரியவர் ஆரம்பித்தார், நான் முடித்துவைத்தேன். பிள்ளைகள் இரண்டையும் எழுதிக்கொண்டு வந்து உன்னிடம் கொடுத்தார்கள். நீ படித்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்பா, இனிமே நீ வண்டியவிட்டு எறங்காத" என்றாய். பெற்றவர்கள் செய்கிற இன்னொரு கூத்து, போர்டைத் தாங்களே செய்துவிடுவது. சேலையூர்க்காரர் ஒருவர், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஓடுகிற ஏரி மாடலோடு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் பையனுக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. நீ ஓரமாக வைக்கச் சொன்னதும் மனுஷன் குதித்தார்: "எம் பையனுக்கு நான் செய்யாம பக்கத்து வூட்டுக்காரனா சார் செய்வான்?" நான் போய், இப்படி ஒரு மோட்டாரைச் சிங்கப்பூரில்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி அவரைச் சமாதானம் செய்து அனுப்பினேன். சிங்கப்பூருக்கு நான் போனதில்லை என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

உனக்கு இந்த வரலாற்றுப் பைத்தியம் பிடித்ததே என்னால்தான். இதை எந்த மேடையிலும் சொல்வேன். நீ மூன்றாவது படிக்கும்போது நான் சொன்ன கதை அது. யுத்த காலத்தில் தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம் எஞ்சின் கெட்டுப்போய், வற்றிக் கிடந்த செம்பாக்கம் ஏரிக்குள் இறங்கிவிட்டது. என் தாத்தா மாடு பூட்டி அதைக் கரைக்கு இழுத்துவிட்டார். வெள்ளைக்காரப் பைலட் தன் வாட்சைக் கழற்றி அவர் கையில் கட்டினான். அப்போது ஒரு ஜோடி மாடு. நீ ஐந்தாவதுக்கு வரும்போது நான்கு ஜோடி ஆகிவிட்டது. "அந்த வாட்ச் எங்கப்பா?" என்றாய். "திருடன் எடுத்துகினு போய்ட்டான்." "போலீஸ்ல சொன்னீங்களா?" "சொல்லப் போனா போலீஸ்காரன் கைலயே கீது அந்த வாட்ச்." உன் அம்மா அடுக்களையிலிருந்து, "உங்க தாத்தாகிட்ட மாடு ஏது? அவரு ஆடு மேய்ச்சவரு" என்று கத்தினாள். நீ அதோடு விடவில்லை. தெருவில் உள்ள பெரியவர்களை எல்லாம் போய்க் கேட்டாய். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எம்.ஏ. வரைக்கும் போனாய், ஆகவே அந்தப் பட்டத்தில் பாதி என்னுடையது. நடந்தது இவ்வளவுதான்: தாத்தா ஏரிக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விமானம் ரொம்பத் தாழ்வாகப் போயிருக்கிறது, ஆடுகள் மிரண்டு சிதறியிருக்கின்றன, அன்று சாயங்காலம் முழுக்க அவர் ஆடு தேடினார். ஆடு தேடிய கதையை யார் உட்கார்ந்து கேட்பார்கள், சொல்லு? அதனால் விமானத்தை இறக்கினேன்.

சரி, இந்த வருஷத்துக்கு வருகிறேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹைதராபாத் ரயிலைப் பிடிக்க சென்ட்ரலுக்குக் கிளம்பியபோது, "போட்டிய இத்தோட விட்டுடுப்பா, யாரையும் போய்க் கெஞ்சாத" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் பீரியடை எடுத்து நுழைவுத்தேர்வுக் கோச்சிங்குக்குக் கொடுத்த அன்றிலிருந்தே உன் முகம் அப்படித்தான் இருந்தது. நான் இருக்கும்போது என் பிள்ளை ஆரம்பித்தது நின்றுபோவதா என்று மறுநாளே பிரின்சிபால் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். "இந்த வருஷம் யாரும் பேரே குடுக்கலையே சார்" என்றார். "குடுப்பாங்க மேடம், நான் கூட்டினு வரேன்" என்றேன். "குறைஞ்சது ரெண்டு டீமாவது இருந்தாத்தான் ஹால் தருவேன். ஒரே டீமை வச்சு என்ன போட்டி? இந்த வருஷம் நல்லா நடந்தா அடுத்த வருஷம் பாக்கலாம், இல்லன்னா இத்தோட முடிச்சுக்கலாம்." இரண்டென்ன, இருபது டீம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு, வெளிப்பள்ளிப் பிள்ளைகளும் சேரலாமே என்று, நான் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. ஒரு இடத்தில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமலே, "ஹிஸ்டரியா? அதுக்கு ஆளு இல்லண்ணா, மேத்ஸுக்கு வா" என்றான். ஏதோ நான் மேத்ஸ் விற்க வந்தவன் மாதிரி. இன்னொரு இடத்தில் ஒரு ஹெட்மாஸ்டர் மரியாதையாக டீ கொடுத்து, "சனிக்கிழமை எங்க பிள்ளைங்களுக்கு டெஸ்ட் சார், ஞாயித்துக்கிழமை அந்த டெஸ்டுக்கு ரிவிஷன்" என்றார். மேடவாக்கத்தில் என் வேனில் வருகிற பிள்ளையின் அப்பா நேராகவே கேட்டார்: "இதுல ஜெயிச்சா மெடிக்கல் சீட்டுக்கு ஏதாச்சும் பாயின்ட் தருவாங்களா?" "வரலாறு தெரியும் சார்" என்றேன். "தெரிஞ்சு?" என்றார். நானும் தெரிந்து என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அதே யோசனையோடு வண்டியை எடுத்தேன். குன்றத்தூர் மலையேறி முருகனிடம் வேண்டிக்கொள்ளச் சொல்லி உன் அம்மாவை அனுப்பினேன். அவள் உன் வேலைக்கும் என் வாய்க்கும் வேண்டிக்கொண்டு வந்தாள், போட்டியை மறந்துவிட்டாளாம்.

கடைசியில் பேர் கொடுத்தது ஒரே ஒரு டீம். என் வேனில் வருகிற ஸ்டெல்லாவும் வர்ஷாவும். போன வருஷம் உன் வகுப்பில் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள்தான். ஸ்டெல்லா வீடு செம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் இருக்கிற நகரில் ஒரு கீழ்ப்போர்ஷன். மழை பெய்தால் மற்ற தெருவில் எல்லாம் தண்ணீர் வடிந்துவிடுகிறது, அவர்கள் வீட்டுக்குள் மட்டும் வருகிறது. "எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வருது சார்?" என்று அவள் உன்னிடம் கேட்டதாகவும், "அதையே எடுத்துக்கோ" என்று நீ சொன்னதாகவும் அவளே சொன்னாள். அந்தப் பெண் அலைந்த அலைச்சலை நான் வேனிலிருந்து பார்த்தேன். இறங்கவே இல்லை, சத்தியமாக. இட்லிக் கடை வைத்திருக்கிற முனியம்மா, "இப்ப உன் வூடு இருக்குற எடத்துல நான் நாத்து நட்டிருக்கேன்டி" என்று சொல்லியிருக்கிறாள். ஏரி மதகிலிருந்து வயலுக்கு ஒரு கால்வாய் போனதையும் காட்டியிருக்கிறாள். ஸ்டெல்லா இன்னும் சில பெரியவர்களைக் கேட்டு, ஒத்துப்பார்த்து, ஒரு பெரிய அட்டையில் ஊர் மேப் போட்டு, அதில் அந்தக் கால்வாயை நீலக் கோடாக இழுத்தாள். கோடு நேராக ஸ்டெல்லா வீட்டு அடுப்படி வழியாகப் போனது. போர்டு முன்ஹாலில் தொங்கினால், ஆண்டு விழாவுக்கு வருகிற கவுன்சிலர் கண்ணில் படும், தெருவுக்கு ஒரு வழி பிறக்கும் என்பது அவள் கணக்கு. அவளுக்கு ஜெயிக்க வேண்டியது அதற்காகத்தான். எனக்குப் போட்டி நடக்க வேண்டியது உனக்காக.

இரண்டாவது டீமுக்கு எங்கே போவேன்? போட்டிக்கு முந்தின நாள், கடைசி நிறுத்தத்தில் இறங்குகிற கார்த்திக், ஃபைசல் என்கிற இரண்டு எட்டாங்கிளாஸ் பையன்களிடம், "நாளைக்கு மேடையேறிக் கதை சொல்றீங்களாடா, சமோசா வாங்கித் தரேன்" என்றேன். "என்ன கதை அங்கிள்?" என்றார்கள். எது கைவசம் இருக்கிறதோ அதைத்தானே கொடுக்க முடியும். போகிற வழியில் விமானத்தை ஏரியில் இறக்கினேன். இந்தப் பையன்கள் தோற்பார்கள், பெண்கள் ஜெயிப்பார்கள், ஹால் கிடைக்கும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நல்ல திட்டம்தான், ஒரு கலெக்டருக்குக்கூட இப்படி உதித்திருக்காது.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன் பிரபு. ஒவ்வொரு வருஷமும் நடுவர்களை முதல் நாள் சாயங்காலம் வரவழைத்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பாய். டீ குடிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். யார் பேச்சு நன்றாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள், இது உனக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பிள்ளைக்கு மார்க் போடுங்கள் என்று அவர்களிடம் சொல்வாயாம். வர்ஷா பிற்பாடு சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் நடுவர்களை நேராகப் போட்டியன்று காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒருவர் ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர், இன்னொருவர் கிழக்குத் தாம்பரத்தில் பர்னிச்சர் கடை வைத்திருப்பவர். வழியெல்லாம் அவர்களுக்கு என் புகழைச் சொல்லிக்கொண்டு வந்தேனே தவிர, போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கைகொடுக்க நினைக்கிற மாமன்மாரே, டீ வாங்கிக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பேச்சைப் பேசிவிடுங்கள்.

பெண்கள் முதலில் பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் மெதுவாக. பர்னிச்சர்க்காரர் கேட்டார், "கால்வாய் எவ்ளோ அகலம்மா?" "ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னாங்க சார். ரெண்டையும் எழுதியிருக்கோம்." "முடிவா ஒண்ணு சொல்லும்மா." "முடிவா தெரியாது சார்." "எந்த வருஷம் மூடினாங்க?" "அதுவும் இன்னும் தெரியல சார். முன்னாடி குடியிருந்தவங்கள தேடிட்டிருக்கோம்." நீ இருந்திருந்தால் நாற்காலியைவிட்டு எழுந்து கை தட்டியிருப்பாய். அவர் பேங்க் மேனேஜரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிரின்சிபால் மேடம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருந்த கொஞ்சம் பேரும் வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் பையன்கள் ஏறினார்கள். ஃபைசல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஹால் முழுக்க விமானமாக ஓடினான், கார்த்திக் மாடாகக் குனிந்து அவனை இழுத்தான். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. மேடம் போனைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் ஒரு டீமை இன்னொரு டீம் கேள்வி கேட்கலாம் என்பது உன் சட்டம்தானே. ஸ்டெல்லா எழுந்து, "விமானம் எறங்கினத பாத்தவங்க யாரு? இப்ப இருக்காங்களா?" என்று கேட்டாள். பையன்கள் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள். "வேன் அங்கிளோட தாத்தா!"

ஹால் மொத்தமும் திரும்பியது. பர்னிச்சர்க்காரர், "அண்ணே, நெஜமாவா?" என்றார். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உனக்கும் தெரியும், இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்தது மேடத்தின் முகத்தை. அந்த முகத்தில் சிரிப்பு இருந்தது. இந்தச் சிரிப்பு இருக்கிற வரைக்கும் போட்டி சாகாது, அடுத்த வருஷமும் நடக்கும், உனக்கு போன் போட்டுச் சொல்லலாம் என்று தோன்றியது. "இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க?" என்றேன். "அந்த விமானத்தோட ஒரு ரெக்கைதான் எங்க மாட்டுக் கொட்டாய்க்குக் கூரையா இருந்துச்சு. புயல்ல பறந்துடுச்சு. அது கடைசியா பறந்தது அன்னிக்கிதான்." கைதட்டல் கூரையைத் தூக்கியது. பையன்களுக்கு முதல் பரிசு. ஸ்டெல்லாவும் கை தட்டினாள்.

சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு வேனில் அவளும் வர்ஷாவும்தான் மிச்சம். போர்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடலாம் என்று தயாராகவும் இருந்தேன். "சாரி அங்கிள்" என்றாள். "எதுக்கும்மா?" "நாங்க ஒழுங்கா தேடல. ஏரி எப்பவும் வத்தினதே இல்லன்னு எழுதிட்டோம். ஆனா விமானம் எறங்கினப்ப வத்தித்தானே கெடந்துச்சு. முனியம்மா ஆயாதான் அப்படி சொன்னாங்க. அவங்களுக்கு ஞாபகம் இல்ல போல. அப்ப கால்வாய் இங்க போச்சுன்னு சொன்னதும் தப்பா இருக்கும்ல?" சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து அந்த நீலக் கோட்டின் மேலே ஒரு கேள்விக்குறி போட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். வண்டியை ஓரம் கட்டினேன்.

"ஸ்டெல்லா, அது பொய்மா."

"எது அங்கிள், ரெக்கையா?"

"ரெக்கையும் பொய்."

"வாட்ச்?"

"பொய்."

"அப்ப விமானம்?"

"மேல போச்சு. எறங்கல."

"மாடு?"

"ஆடும்மா."

வர்ஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "உன் மேப்புதான் சரி. முனியம்மா சொன்னதுதான் சரி" என்றேன். அவள், நீ கேட்கச் சொல்லிக்கொடுத்த அதே குரலில், கோபமே இல்லாமல் கேட்டாள்: "இப்ப சொல்றது நெஜம்னு எப்படி அங்கிள் தெரிஞ்சிக்கிறது?" இத்தனை வருஷத்தில் எனக்கு எத்தனையோ பதில் வந்திருக்கிறது. திருடன் வந்திருக்கிறான், போலீஸ்காரன் வந்திருக்கிறான், புயல் வந்திருக்கிறது. அன்றைக்கு நான் வண்டியை மட்டும் கிளப்பினேன்.

திங்கட்கிழமை பிரின்சிபால் மேடத்திடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைக்கூடக் கூட்டாமல். அவர் சிரித்தார். "அதனால என்ன சார்? பசங்க எவ்ளோ கான்ஃபிடன்ட்டா பேசினாங்க! காம்பவுண்ட் சுவத்துல அந்தக் கதைய வரையச் சொல்லி பெயின்டர்கிட்ட சொல்லியாச்சு. அடுத்த வருஷம் கதை சொல்லும் போட்டின்னே வச்சிடலாம். ஆதாரம் அது இதுன்னு பிள்ளைங்கள படுத்த வேணாம். நீங்கதான் சீஃப் கெஸ்ட்." சீஃப் கெஸ்ட் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "அந்தப் பொண்ணுங்க போர்டையாவது முன்ஹால்ல மாட்டுங்க மேடம்" என்று கேட்டுப் பார்த்தேன். அங்கே இடமில்லையாம், டாப்பர் பிள்ளைகளின் படம் வரப்போகிறதாம். உன் போட்டி நடக்கிறது பிரபு, நடக்காமலே. நீ திரும்பி வந்தாலும் அதைப் பிடுங்கிச் சரிசெய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நின்றுபோயிருந்தால் என்றைக்காவது யாராவது மறுபடி ஆரம்பித்திருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்துவிட்டது, நான் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

சுவரில் படம் வந்துவிட்டது. ஏரி, விமானம், நான்கு ஜோடி மாடு. பெயின்டர் தன் பங்குக்கு ஒரு யானையையும் சேர்த்திருக்கிறான். தினமும் காலையில் அந்தச் சுவருக்கு எதிரேதான் வேனை நிறுத்துகிறேன். சின்னப் பிள்ளைகள், "அங்கிள், உங்க தாத்தா யான வச்சிருந்தாரா?" என்று கேட்கிறார்கள். "இல்லடா கண்ணா, அது பொய்" என்கிறேன். "அங்கிள் சும்மா சொல்றாரு!" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடுகிறார்கள். ஸ்டெல்லா முன்சீட்டில் உட்காருவதை விட்டுவிட்டாள். பின்னால் போய் உட்கார்ந்து காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறாள். சனிக்கிழமை கோச்சிங் சேர்ந்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு சந்தோஷம், பொண்ணு உருப்படியா படிக்க ஆரம்பிச்சிட்டா என்று எனக்குத்தான் நன்றி சொன்னாள்.

போன வாரம் நல்ல மழை. ஸ்டெல்லாவின் தெருமுனையில் நிறுத்தினேன், உள்ளே போக முடியவில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். தண்ணீர் ஏரிப் பக்கத்திலிருந்து நேராக வந்து, அவள் வீட்டு வாசலில் திரும்பி, சந்துக்குள் போய்க்கொண்டிருந்தது. "பாரும்மா, நீ போட்ட கோடு மாதிரியே போவுது" என்றேன். திரும்பி ஒரு தடவை பார்த்தாள். "மழைன்னா தண்ணி போகத்தான் அங்கிள் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் பின்சீட்டுக்குப் போய்விட்டாள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவள் அம்மாவின் நம்பரை உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு நாள் கூப்பிட்டு ஸ்டெல்லாவிடம் பேசு. போட்டியைப் பற்றிக் கேட்காதே, என்னைப் பற்றியும் கேட்காதே, மேப் சரி என்று நீயாகச் சொல்லிவிடாதே. வீட்டுக்குள் தண்ணீர் எது வரைக்கும் வந்தது, எந்தப் பக்கமாக நுழைந்தது என்று மட்டும் கேள். ஹெட்செட்டைக் கழற்றுவாளா, பதில் சொல்வாளா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவேளை சொன்னால், அவள் முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு. நான் கேட்டால் நடுவில் புகுந்துவிடுவேன் என்பதால்தான் உன்னிடம் விடுகிறேன்.

உன் அப்பா